மூன்று மாதக் குழந்தையின் மூன்று நிமிஷம்

பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பார்க்கப் போகிறோம். கையில் நாலு ஆரஞ்சுப் பழம், ஒரு கிலுகிலுப்பை. உள்ளே நுழைந்ததும் நாம் என்னென்ன கேட்கிறோம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். "யார் ஜாடை?" "பிறந்தபோது எத்தனை கிலோ?" "ராத்திரி தூங்க விடுகிறானா?" சில மாதம் கழித்துப் போனால், "தலை நின்று விட்டதா? குப்புறக் கவிழ்ந்து கொள்கிறாளா?" பல் முளைத்து விட்டதென்றால் கேட்கவே வேண்டாம், பல்லுக் கொழுக்கட்டை நம் தட்டுக்கே வந்துவிடும்.

இவ்வளவு கேட்கிற நாம் ஒன்றை மட்டும் கேட்பதில்லை. மல்லாந்து படுத்துக்கொண்டு, யாரும் கவனிக்காத வேளையில், குழந்தை கையையும் காலையும் எப்படி அசைக்கிறது? "என்ன பண்ணுகிறான்?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தால், "சும்மா உதைத்துக்கொண்டு கிடக்கிறான்" என்று பதில் சொல்லிவிடுகிறோம்.

அந்தச் 'சும்மா' என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மூன்று மாதக் குழந்தை சும்மா உதைப்பதில்லை. அந்த உதைப்பில் அதன் மூளை தன் சமாசாரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது ஒரு கடிதம்.

குழந்தையின் அசைவைக் கவனிப்பது தமிழருக்குப் புதிதல்ல. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பிரித்தார்கள். 5-ஆம் மாதம் செங்கீரை. 9-ஆம் மாதம் கை கொட்டும் சப்பாணி. நம் புலவர்களுக்கு இருந்த பொறுமை இன்றைய டாக்டர்களுக்கு இல்லை. அவர்கள் செங்கீரைக்கும் முன்னாலேயே, 3-ஆம் மாதத்திலேயே குழந்தையின் அருகில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது.

பல்லாவரத்தில் ஒரு வீடு

பல்லாவரத்தில், ரயிலடியிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேலே பத்து நிமிஷத்துக்கு ஒரு விமானம். வெள்ளிக்கிழமையானால் சந்தை இரைச்சல். அந்த வீட்டில் ஒரு குழந்தை. வீடும் மனிதர்களும் என் கற்பனைதான்; ஆனால் உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இல்லையென்று உங்களால் சொல்ல முடியாது.

ஜூன் 10-ஆம் தேதி பிரசவம் ஆகும் என்று டாக்டர் நாள் குறித்திருந்தார். குழந்தையோ ஏப்ரல் 1-ஆம் தேதியே பிறந்துவிட்டது. பத்து வாரம் முன்னால்! எடை 1,300 கிராம். இன்குபேட்டரில் பல நாள், மூக்கில் குழாய், நடுவில் இரண்டு தரம் மூச்சு நின்று போய் எல்லோருக்கும் உயிரே போய் வந்தது. ஒரு வழியாகப் பிழைத்து வீடு வந்து சேர்ந்தான். வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். செப்டம்பர் 2-ஆம் தேதி அழைத்து வரவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

ஆகஸ்டு மாதக் கடைசி. குழந்தை கொழுகொழுவென்று ஆகிவிட்டான்.

"இப்போ எதுக்கு ஆஸ்பத்திரி? காய்ச்சலா, சளியா? நல்லா இருக்கிற பிள்ளையைக் கூட்டத்திலே தூக்கிக்கிட்டுப் போய் நோயை வாங்கிக்கிட்டு வரணுமா?" என்கிறார் மாமியார். "இவன் அப்பனே ஒண்ணரை வயசிலேதான் நடந்தான்!"

"அன்னிக்கு லீவு கேட்டா ஒரு நாள் சம்பளம் போயிடும்" என்கிறான் அந்த அப்பன்.

பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "நல்லாத்தானே கை காலை ஆட்டறான்?" என்று ஒரு சர்ட்டிபிகேட்டும் கொடுத்துவிடுகிறார்.

இளம் தாய் மட்டும் ஒன்றும் பேசவில்லை. "இல்லை அத்தை, போய்த்தான் ஆகணும்" என்று சொல்ல அவளுக்கு ஆசை. ஆனால் 'எதற்காக?' என்று கேட்டால் என்ன பதில் சொல்வாள்? அவளுக்கும் தெரியாதே!

சகோதரிகளே, அந்தப் பதிலை அவளிடம் நாம் எடுத்துக் கொடுப்போம்.

பார்க்கத் தெரிந்த கண்

அதற்கு முன்னால் அதே பல்லாவரத்தில் நடந்த ஒரு பழைய சம்பவம். இது கற்பனையல்ல, சரித்திரம். 1863-ஆம் வருஷம் மே மாதம் 30-ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற வெள்ளைக்காரர் பல்லாவரம் மைதானத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். நிலநூல் படித்தவர் அவர். சிப்பாய்களும் ஆடு மாடுகளும் தினந்தோறும் மிதித்து நடந்த இடம் அது. எத்தனையோ பேர் கண்ணில் பட்ட வெறும் சரளைதான். ஆனால் அவர் அதைத் திருப்பிப் பார்த்து, இது இயற்கையாக உடைந்த கல் அல்ல, ஆதி மனிதன் செதுக்கிய ஆயுதம் என்று கண்டுகொண்டார். இந்தியாவில் கற்கால மனிதனைப் பற்றிய ஆராய்ச்சி அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்கியது.

கல் எல்லோருக்கும் பொதுவாகத்தான் கிடந்தது. பார்க்கத் தெரிந்த கண்தான் ஒருவரிடம் இருந்தது.

குழந்தையின் உதைப்பிலும் இதே கதைதான். அதைப் பார்க்கத் தெரிந்தவர், வியன்னாவில் 1927-இல் பிறந்த ஹைன்ஸ் பிரெக்டல் என்ற டாக்டர். நெதர்லாந்து தேசத்தின் குரோனிங்கன் நகரில் வெகு காலம் வேலை பார்த்தார். அந்தக் காலத்து டாக்டர்கள் குழந்தையின் முழங்காலைத் தட்டியும், பாதத்தைக் கீறியும், கையைப் பிடித்துத் தூக்கியும் பரீட்சை செய்து வந்தார்கள். "குழந்தையைத் தொடாமல், அதன் போக்கில் விட்டுவிட்டுப் பார்த்தால் என்ன?" என்று யோசித்தவர் இவர். மிருகங்களின் நடத்தையை ஆராய்கிறவர்கள் புதருக்குப் பின்னால் உட்கார்ந்து பொறுமையாகப் பார்ப்பார்களே, அந்த மாதிரி!

கர்ப்பத்தில் ஏறக்குறைய 9-ஆம் வாரத்திலேயே சிசு உடம்பு முழுவதையும் அசைக்கத் தொடங்கிவிடுகிறது. பிறந்த பிறகும் அந்த அசைவுகள் தொடர்கின்றன. முதல் இரண்டு மாதம் நெளிவதும் முறுக்குவதுமாக இருக்கும். அதற்குப் பிறகு வருவதுதான் நம் கதாநாயகன். நம்மூர்ப் பாட்டிமார் வாயில் அதற்கு அருமையான சொல் இருக்கிறது: துறுதுறுப்பு.

பாலைக் காய்ச்சும்போது, பொங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் பார்த்திருப்பீர்கள். விளிம்பிலும் நடுவிலுமாக, இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று ஓயாமல் சின்னச் சின்ன அசைவு. அந்த மாதிரி, கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் என்று உடம்பு பூராவும் சிறு சிறு அசைவுகள், எல்லாத் திசையிலும், இன்ன ஒழுங்கு என்று சொல்ல முடியாதபடி வந்துகொண்டே இருக்கும். பிரசவத்துக்குக் குறித்த நாளிலிருந்து 9 வாரம் கழித்துத் தொடங்கி, 20 வாரம் வரையில் இது இருக்கும். பிறகு குழந்தை எட்டிப் பிடிக்கவும் உருளவும் தொடங்கும்போது, வந்த சுவடு தெரியாமல் மறைந்துவிடும்.

இந்தத் துறுதுறுப்பு எங்கிருந்து வருகிறது? அசைவைக் கிளப்பி விடுவது மூளையின் அடித்தண்டு. அதற்கு நெளிவும் குழைவும் விதவிதமான மாறுதலும் கொடுப்பவை மேல் மூளையிலிருந்து இறங்கி வரும் நரம்பிழைகள். குறைமாதத்தில் பிறந்தாலோ, பிறக்கும்போது பிராணவாயு குறைந்தாலோ அந்த இழைகளுக்குச் சேதம் வரலாம். சேதம் வந்தால் அசைவு நின்றுவிடாது; குழந்தை கையைக் காலை ஆட்டிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அழகு போய்விடும். ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும். அல்லது கையும் காலும் உடம்பும் ஒரே சமயத்தில் விறைத்து, ஒரே சமயத்தில் தளரும். துறுதுறுப்பு வரவேண்டிய காலத்தில் வராமலே போகும்.

பக்கத்து வீட்டு அம்மாள் கொடுத்த சர்ட்டிபிகேட் ஏன் செல்லாது என்று இப்போது தெரிகிறதல்லவா? அவர் பார்த்தது ஆட்டுகிறானா என்பதை. பார்க்க வேண்டியது எப்படி ஆட்டுகிறான் என்பதை.

அறுபதும் எழுபதும்

இது வெறும் அபிப்பிராயம்தானா, கணக்கு உண்டா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. 1997-இல் பிரெக்டலும் அவருடைய சகாக்களும், லண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செட்' வைத்தியப் பத்திரிகையில் 130 குழந்தைகளின் கணக்கைப் பிரசுரித்தார்கள். துறுதுறுப்புச் சரியாக இருந்த குழந்தைகள் 70 பேர். அவர்களில் 67 பேர் நரம்புக் கோளாறு ஏதுமின்றி வளர்ந்தார்கள். துறுதுறுப்பு இல்லாமலோ கோணலாகவோ இருந்தவர்கள் 60 பேர். அவர்களில் 57 பேருக்குப் பின்னால் கோளாறு தெரிந்தது. பெரும்பாலோருக்கு அது பெருமூளை வாதம்.

எழுபதிலும் மூன்று பேர், அறுபதிலும் மூன்று பேர் கணக்குக்குத் தப்பியிருக்கிறார்கள் பாருங்கள். அதனால்தான் இந்த ஒரு பரீட்சையை வைத்துக்கொண்டு எந்த நல்ல டாக்டரும் முடிவு கட்டுவதில்லை. லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியின் பெயரால் ஒரு பரீட்சை இருக்கிறது. கண் பார்வையின் ஓட்டம், தலையின் பிடிப்பு, கை கால்களின் இறுக்கம் என்று 26 விஷயங்களைச் சோதித்து 78-க்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள். அதையும் பார்ப்பார்கள், தேவையானால் மூளையைப் படம் பிடித்தும் பார்ப்பார்கள். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஐந்து மாதத்துக்குள்ளேயே பெருமூளை வாதத்தைப் பெரும்பாலும் கண்டுகொள்ளலாம் என்று 2017-இல் பல நாட்டு நிபுணர்கள் கூடிச் சொன்னார்கள். முன்பெல்லாம், "ஒரு வயது ஆகட்டும், இரண்டு வயது ஆகட்டும்" என்று காத்திருப்பதுதான் வழக்கம்.

பரீட்சை என்றதும் ஊசியும் மருந்தும் ஞாபகத்துக்கு வந்து பயப்பட வேண்டாம். குழந்தை பால் குடித்து, தூங்கி எழுந்து, சந்தோஷமாக விழித்திருக்கும் வேளை பார்த்து, மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். கையும் காலும் வெளியே தெரிய, மெல்லிய உடுப்பு. கிலுகிலுப்பை கூடாது, சூப்பி கூடாது, யாரும் குனிந்து கொஞ்சக் கூடாது. பாட்டிமாருக்கு இதுதான் கஷ்டமான பகுதி! மூன்று முதல் ஐந்து நிமிஷம் வீடியோ எடுப்பார்கள். பிறகு இதற்கென்று பயிற்சி பெற்றவர் அதைப் போட்டுப் பார்ப்பார். அழுகிற குழந்தையின் அசைவு கணக்கில் சேராது. அழுதால் தேற்றிவிட்டு மறுபடி எடுப்பார்கள். அவ்வளவுதான்.

இரண்டு பிறந்த நாள்

இனி அந்தச் சீட்டில் உள்ள தேதிக்கு வருவோம். ஏப்ரல் 1-ஆம் தேதி பிறந்தவனை எதற்காக செப்டம்பர் 2-ஆம் தேதி வரச் சொன்னார்கள்? "மூணு மாசத்திலே பார்க்கணும்னா அது ஜூன் கடைசியிலேயே முடிஞ்சு போச்சே!" என்று மாமியார் விரல் விட்டு எண்ணிச் சொல்லக்கூடும்.

குறைமாதக் குழந்தைக்கு இரண்டு பிறந்த நாள் உண்டு. ஒன்று அது பிறந்த நாள். மற்றொன்று பிறந்திருக்க வேண்டிய நாள். பெயர் வைக்கவும், தடுப்பூசி போடவும், கேக் வெட்டவும் முதலாவது. மூளையின் வளர்ச்சியை அளக்க இரண்டாவது. ஜூன் 10-ஆம் தேதியிலிருந்து 12 வாரம் எண்ணினால் வருவதுதான் செப்டம்பர் 2. அன்றைக்கு அவன் வயது ஊர்க் கணக்கில் 5 மாதம்; மூளைக் கணக்கில் 12 வாரம். துறுதுறுப்பு நன்றாகத் தெரியவேண்டிய நேரம். அக்டோபர் 28-ஆம் தேதியோடு அதன் 20 வாரமும் முடிந்துவிடும். அப்புறம் தீபாவளி கழித்து, பொங்கல் கழித்து என்று நிதானமாகப் போனால், பார்க்க வேண்டியது அங்கே இராது.

தொடர்கதையில் ஒரு வாரம் விட்டுப் போனால் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் படித்துக்கொள்ளலாம். இந்தப் பருவத்தை யாரிடமும் இரவல் வாங்க முடியாது.

ஒருவேளை விட்டே போயிருந்தாலும் மனம் தளரவேண்டாம். ஹாமர்ஸ்மித் பரீட்சையை இரண்டு வயது வரையில் செய்யலாம். தாமதமாகப் போவது, போகாமலே இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

எந்தக் குழந்தைகளை?

எல்லாக் குழந்தைகளையும் இப்படிப் பார்க்க வேண்டும் என்பதில்லை. குறைமாதத்தில் பிறந்தவர்கள், எடை மிகவும் குறைந்தவர்கள், பிறந்ததும் அழாமல் மூச்சுத் திணறியவர்கள், முதல் சில நாட்களில் வலிப்பு வந்தவர்கள், மஞ்சள் காமாலை அளவு மீறி ஏறியவர்கள், மூளைக்காய்ச்சல் கண்டவர்கள், சர்க்கரை மிகவும் இறங்கிப் போனவர்கள்: இவர்களுக்குத்தான் முக்கியம். பிறந்த குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நாட்கணக்கில் இருந்த எந்தக் குழந்தையும் இந்த வரிசையில் சேரும்.

இன்னொரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டுத் தொட்டில் பக்கத்தில் கடிகாரத்தோடு உட்கார்ந்து நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். ஃபுட் துரையின் கண் நமக்கு ஒரு நாளில் வந்துவிடாது. நம் வேலை தேதியைக் காப்பாற்றுவது, தீர்ப்பு டாக்டருடையது. குழந்தை எந்நேரமும் கையை இறுக்கி மூடிக்கொண்டே இருக்கிறது, ஒரு பக்கத்துக் கையை மட்டுமே உபயோகிக்கிறது, உடுப்பு மாற்ற முடியாதபடி கால் விறைக்கிறது என்று தோன்றினால், குறித்த தேதிக்குக் காத்திராமல் உடனே காட்ட வேண்டும்.

தெரிந்து என்ன லாபம்?

"கோளாறு என்று தெரிந்து என்ன பண்ணப் போகிறோம்? தெரியாமல் இருந்தாலாவது நாலு மாதம் நிம்மதியாக இருக்கலாமே!" இந்தக் கேள்வி வெளியே வராவிட்டாலும் பல தாய்மார் நெஞ்சில் இருப்பது. நியாயமான கேள்விதான்.

மறைக்காமல் சொல்லுகிறேன். பெருமூளை வாதத்தை அடியோடு போக்கும் மருந்து இன்றைக்கும் இல்லை. அப்படி இருப்பதாகச் சொல்லிப் பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள். ஆனால் முதல் வருஷத்தில் மூளை வளருகிற வேகம் பிறகு எந்த வயதிலும் வராது. ஒரு வழி அடைபட்டால் வேறு வழி தேடிக்கொள்ளும் சாமர்த்தியமும் அப்போதுதான் அதிகம். அந்தச் சமயத்தில் குழந்தை தானே கையை நீட்டவும், புரளவும், இரண்டு கையையும் சேர்த்துப் பிடிக்கவும் விளையாட்டாகவே பழக்கினால் பலன் இருக்கிறது. பழக்குகிறவர் தாய், வழி சொல்கிறவர் பயிற்சியாளர். இடுப்பு எலும்பு நழுவாமல் காப்பாற்றலாம். கண்ணையும் காதையும் அப்போதே சோதித்துக்கொள்ளலாம். நடக்க இருந்த குழந்தை நடக்காமல் போவதையும், பேச இருந்த குழந்தை பேசாமல் போவதையும் எவ்வளவு தடுக்க முடியுமோ அவ்வளவு தடுக்கலாம்.

துறுதுறுப்பு நன்றாக இருந்துவிட்டாலோ? அதுவும் பெரிய லாபமல்லவா? இன்குபேட்டர் நாள் முதல் தூக்கமில்லாமல் பயந்துகொண்டிருந்த தாய், அன்று ராத்திரி கொஞ்சம் கண்ணயரலாம்.

எங்கே போவது?

முதலில், குழந்தை பிறந்த ஆஸ்பத்திரியில்தான் கேட்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளில் இப்படிப்பட்ட குழந்தைகளை மறுபடி வரவழைத்துப் பார்க்கத் தனிப் பிரிவு இருக்கும். "இவனுடைய அசைவைப் பார்ப்பது எப்போது? இங்கே பார்ப்பீர்களா, வேறு எங்காவது அனுப்புவீர்களா?" என்று கூசாமல் கேளுங்கள். பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூரில் அரசாங்கத்தின் குழந்தைகள் நல ஆஸ்பத்திரி இருக்கிறது. 2013-இல் மத்திய அரசாங்கம் தொடங்கிய குழந்தை நலத் திட்டத்தின்படி மாவட்டங்களில் ஆரம்ப இடையீட்டு மையங்கள் ஏற்பட்டன. அங்கே பணம் வாங்குவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், பலவகை ஊனமுற்றோருக்காக 2005-இல் ஏற்பட்ட தேசிய நிறுவனம் இருக்கிறது. கோட்டூர்புரத்தில் 'வித்யாசாகர்' இருக்கிறது. பெருமூளை வாதம் கண்ட மகனைப் பெற்ற பூனம் நடராஜன் என்ற தாய் 1985-இல் தொடங்கிய ஸ்தாபனம் அது.

பட்டணத்தில்தான் இதெல்லாம் என்று நினைக்க வேண்டாம். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 'அமர் சேவா சங்கம்' என்ற ஸ்தாபனத்தை, கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன் என்பவர் 1981-இல் ஆரம்பித்தார். இன்று அங்கே பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள், வளர்ச்சி தாமதமான குழந்தைகளின் வீடு தேடிப் போய், தாய்க்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வருகிறார்கள். குழந்தையின் முன்னேற்றத்தைக் கையிலுள்ள செல்போனில் குறித்துக்கொள்கிறார்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை, தாய்மார்களுக்கு அல்ல, அவர்களைச் சுற்றி இருப்பவர்களுக்கு. கிரகணத்தின்போது வெளியே வந்தாள், மாடிப்படி ஏறினாள், வயிற்றுப் பிள்ளைக்காரி அதைத் தின்றாள், இதைத் தின்றாள் என்று ஒருத்தியை நிற்க வைத்து விசாரணை செய்யாதீர்கள். மூளையின் மெல்லிய ரத்தக் குழாய்களுக்குக் கிரகணம் தெரியாது. அவளுக்குத் தேவை நீதிபதியல்ல. ரயிலில் குழந்தையின் பையைத் தூக்கிக்கொண்டு கூட வருகிற ஓர் ஆள்.

அந்தப் பல்லாவரம் வீட்டில் என்ன முடிவு ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அது என் கையில் இல்லை. கூடத்துச் சுவரில் காலண்டர் தொங்குகிறது. செப்டம்பர் 2-ஆம் தேதியைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட வேண்டும். அத்தனை பேரும் தயங்கி நிற்கிறார்கள். நீங்கள் அந்த வழியாக ஆரஞ்சுப் பழத்தோடு போகிறவர்தானே? உள்ளே போய், "யார் ஜாடை?" என்று கேட்ட கையோடு, "டாக்டர் எப்போ வரச் சொல்லியிருக்கார்? வட்டம் போட்டாச்சா?" என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்.